கணினிக்கும் வேண்டும் மராமத்து

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. தொடக்க இலக்கு 63 ஆயிரம் சங்கங்கள், மதிப்பீடு ரூ.2,516 கோடி. பயிர்க் கடன், நகைக் கடன், வைப்புத்தொகை, உர விற்பனை என இதுவரை பேரேடுகளில் இருந்த கணக்குகள் தரவுத்தளங்களுக்கு இடம்பெயர்கின்றன. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், கணினியை வாங்கி மென்பொருளை நிறுவியதும் வேலை முடிந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் நம் நிர்வாகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. என் கவலை அதைப் பற்றியது.

வணிக வங்கியில் பணம் போட்டவருக்கு ரூ.5 லட்சம் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. தொடக்கச் சங்கத்தில் பணம் போட்டவருக்கு அந்தக் காப்பீடு இல்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் வரம்புக்குள்ளும் இச்சங்கங்கள் வருவதில்லை. 2020-ஆம் ஆண்டுத் திருத்தமும் அவற்றை விலக்கியே வைத்தது. ஆகவே, பத்தமடையில் கோரைப்பாய் நெய்து சிறுகச் சிறுகச் சேமிக்கும் ஒரு பெண்ணுக்கு, சங்கத்தின் கணக்குப் பதிவு சரியாக இருப்பதே முதன்மையான பாதுகாப்பு. அந்தப் பதிவு தரவுத்தளத்தில் இருக்குமானால், அதைப் பேணுவது கணினித் துறையினரின் உள்விவகாரம் அன்று.

பேணுவது என்றால் என்ன? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். உரிமக் கட்டணம் இல்லாதது. உலகெங்கும் அரசுகளும் நிறுவனங்களும் பயன்படுத்துவது. அதன் பதிப்பு எண் 16.4 என்றிருந்தால், புள்ளிக்கு முன்னால் உள்ளது பெரும் பதிப்பு, பின்னால் உள்ளது சிறு பதிப்பு. பெரும் பதிப்பு ஆண்டுக்கு ஒன்று வரும். அதற்கு மாறுவது, எல்லாப் பேரேடுகளையும் புதிய படிவத்தில் மறுபடி எழுதுவதைப் போன்றது. நாளும் பணமும் பிடிக்கும். சிறு பதிப்போ பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் எனக் காலாண்டுக்கு ஒருமுறை வரும். அதில் புதிய வசதி எதுவும் இராது. கண்டறியப்பட்ட பிழைகளுக்கும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கும் திருத்தம் மட்டுமே இருக்கும். பேரேட்டில் ஓர் எழுத்தையும் தொடாமல் பிய்ந்த தையலை மட்டும் சரிசெய்வதைப் போன்ற வேலை இது. பெரும்பாலும் சர்வரை நிறுத்தி, நிரலை மாற்றி, மீண்டும் இயக்கினால் போதும். சில நிமிடங்கள்.

இந்தச் சில நிமிடங்களை ஒத்திப்போட்டதன் விலையை உலகம் ஒருமுறை கண்டிருக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எஸ்க்யூஎல் சர்வர் 2000 என்ற தரவுத்தளத்தில் இருந்த ஓர் ஓட்டைக்கு 2002 ஜூலையிலேயே திருத்தம் வெளியானது. ஆறு மாதம் கழித்து, 2003 ஜனவரி 25 அன்று, 'ஸ்லாம்மர்' என்ற கணினிப் புழு அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. தாக்கத்துக்கு உள்ளாகக்கூடிய சர்வர்களில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடங்களில் பிடித்துவிட்டது. தென்கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் ஆயிரக்கணக்கான ஏ.டி.எம்.கள் பணம் தர மறுத்தன. திருத்தத்தை வெளியிட்ட நிறுவனத்தின் சொந்த சர்வர்கள் சிலவும் தப்பவில்லை!

தாக்குதல்தான் வர வேண்டும் என்பதில்லை. போஸ்ட்கிரெஸின் 14-ஆம் பதிப்பில், தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அட்டவணையின் சுட்டு வரிசையைக் கட்டினால் அது ஓசையின்றிச் சிதையக்கூடிய பிழை இருந்தது. 2022 ஜூனில் வந்த 14.4 என்ற சிறு பதிப்பு அதைத் திருத்தியது. சிதைந்த வரிசையில் பதிவு இருக்கும், தேடினால் அகப்படாது. சங்கத்துக்கு வந்து நிற்கும் உறுப்பினரிடம் "உங்கள் பெயரில் கணக்கே இல்லையே" என்று எழுத்தர் சொல்ல நேர்ந்தால் என்ன ஆகும்?

ஒரே மென்பொருளை எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததே. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் மண்டல ஊரக வங்கிகளுக்கும் சேவை வழங்கும் சி-எட்ஜ் நிறுவனத்தின் கட்டமைப்பு பணயத் தாக்குதலுக்கு ஆளானது. தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம் அதைத் தன் வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்க, ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்ப முடியாமல் தவித்தனர். அதன் காரணம் வேறு. ஆனால், ஓரிடத்துப் பழுது எத்தனை கிராமங்களை எட்டும் என்பதற்கு அதுவே அளவு.

இவ்வளவு எளிய வேலை ஏன் தள்ளிப்போடப்படுகிறது? இதற்கு விடை கணினி அறிவியலில் இல்லை, பொருளாதாரத்தில் இருக்கிறது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958-இலேயே இதைப் பேசினார். விமானத்தைப் பராமரிக்காவிட்டால் அது விழும். ஆகவே ஏழை நாடுகளும் அதைப் பராமரிக்கின்றன. சாலையைப் பராமரிக்காவிட்டால் அது மெல்லச் சிதையும், ஆகவே ஒத்திப்போடுகின்றன. ஆப்பிரிக்காவில் 1,200 கோடி டாலரைச் சாலைப் பராமரிப்பில் உரிய காலத்தில் செலவிட்டிருந்தால் 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவு மிஞ்சியிருக்கும் என்று உலக வங்கியின் 1994-ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கை கணக்கிட்டது. (வகுப்பில் தேய்மானம் என்ற பாடத்தைத் தொடங்கினாலே மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள், நிதித் துறைகளும் அப்படித்தான்.) திருத்தப்படாத தரவுத்தளம் சாலையைப் போன்றது. நேற்று ஓடியது, இன்றும் ஓடுகிறது.

பொறுப்பாளரின் நிலையையும் பார்க்க வேண்டும். அவர் புதுப்பித்து, அதனால் அரை நாள் சேவை நின்றால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். புதுப்பிக்காமல் மூன்றாண்டு கடத்தினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்த ஏற்பாட்டில் ஒத்திப்போடுவதே புத்திசாலித்தனம்.

அவர் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. 2024 நவம்பர் 14 அன்று வெளியான 17.1 என்ற சிறு பதிப்பால் போஸ்ட்கிரெஸின் சில துணை மென்பொருள்களுக்குச் சிக்கல் வர, ஒரே வாரத்தில் 17.2 வெளியிட வேண்டியதாயிற்று. ஆகவே வெளியான அன்றே நிறுவ வேண்டியதில்லை. நகலெடுத்து வைத்து, வேறொரு சர்வரில் ஓட்டிப் பார்த்து, சில நாள் பொறுத்துச் செய்யலாம். சில நாள் என்பதற்கும் சில ஆண்டுகள் என்பதற்கும் வேறுபாடு இருக்கிறது.

எங்கள் வயல்களுக்கு நீர் தரும் கன்னடியன் கால்வாயைத் தூர்வாருவதென்றால், கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன் முடித்தாக வேண்டும். திறந்த பிறகு மண்வெட்டியோடு இறங்க முடியாது. கூட்டுறவுத் துறையும் அப்படி ஒரு காலத்தைக் குறிக்கலாம். பயிர்க் கடன் விண்ணப்பங்கள் குவியும் நாள்களைத் தவிர்த்து, காலாண்டுக்கு ஓர் இரவை முன்கூட்டியே அறிவித்தால் எழுத்தருக்கும் பழி வராது, உறுப்பினருக்கும் வீண் அலைச்சல் இராது. மென்பொருள் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில், திருத்தம் வெளியான எத்தனை நாள்களுக்குள் அதை நிறுவ வேண்டும் என்ற காலவரம்பும், தவறினால் அபராதமும் இடம்பெற வேண்டும்.

சங்கத்தில் உரம் நிறுக்கும் தராசில் முத்திரை இருக்கிறதா, அது எந்த ஆண்டுடையது என்று ஆய்வாளர் பார்க்கிறார். முத்திரை பழையதென்றால், தராசு சரியாக நிறுத்தாலும் அது குற்றமே. சங்கத்தின் தரவுத்தளம் எந்தப் பதிப்பில் ஓடுகிறது, கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது என்ற இரு விவரங்களையும் ஆண்டுத் தணிக்கை அறிக்கையில் சேர்க்கக் கூட்டுறவுத் தணிக்கைத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.