தடயம் படித்தவன் தெருவில் நிற்கிறான்!

கூட்டேரிப்பட்டில் விழுப்புரம் பஸ் ஏறினால் வழியில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வரும். பிரேதப் பரிசோதனையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எம்.பி.பி.எஸ். மாணவனுக்குப் பாடத்திலேயே உண்டு. அதுவும் கோர்ட்டுக்குப் போகிற வழக்குதானே?

அதே பஸ்ஸில் விழுப்புரத்தில் இறங்கினால் மண்டல தடய அறிவியல் ஆய்வகம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்களே, அந்தச் சாராயத்தில் மெத்தனால் இருக்கிறது என்று சொன்னது இந்த ஆய்வகம்தான். ஆனால் தடய அறிவியல் மாணவனுக்கு இப்படியோர் அரசு ஆய்வகத்தில் பயிற்சி கிடைப்பது அதிர்ஷ்டம், உரிமை அல்ல.

கேட்டால் ரெடியாக ஒரு பதில்: "சாட்சியப் பொருள், வெளியாள் தொடக்கூடாது." ஐயா, சீலை உடைக்க யார் கேட்டது? மாதிரிப் பொருளைக் கொடுத்து, பதிவேடு எழுதச் சொல்லிக் கொடுங்கள், போதும். சி.ஏ. மாணவன் கம்பெனியின் கணக்கையே புரட்டுகிறான் (அது ரகசியம் இல்லையா?). 2 வருஷ ஆர்ட்டிக்கிள்ஷிப், ஸ்டைபண்ட் வேறு.

இங்கே இடம் இல்லாததால்தான் காசு வாங்கிக்கொண்டு ஆன்லைனில் சர்டிஃபிகேட் விற்கும் கடைகள் பிழைக்கின்றன. ஒரு கைரேகைகூட எடுக்காமல் 'இன்டர்ன்ஷிப்' முடிந்துவிடும்!

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 176(3) என்ன சொல்கிறது? 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமென்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும். இதை அமல்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம். அதற்குள் இத்தனை நிபுணர்கள் வானத்திலிருந்தா குதிப்பார்கள்? ஒவ்வொரு மண்டல ஆய்வகத்திலும் வருஷத்துக்கு இத்தனை மாணவர் என்று ஓர் அரசாணை போட என்ன தடை?