மடிக்கணினி வாங்கப்போகும் வாப்பாமாருக்கு

“பெண்பிள்ளைக்குத் தட்டச்சு செய்யத்தானே, மலிவானது காணும்” என்பார்கள். தம்பி கேட்டால் மட்டும் கேம் விளையாட வலுவானதாகத் தேடுவார்கள்! சித்திரமும் காணொளியும் செய்யும் மகளுக்கும் அதே வலு வேண்டும் என்பதே என் கருத்து. கேம் காட்சிகளைத் திரையில் வரையும் அதே கிராபிக்ஸ் சில்லுத்தான் பிளெண்டர் மென்பொருளில் உருவங்களுக்கு ஒளியும் நிழலும் கொடுக்கிறது. 2025இல் ஒஸ்கார் விருது பெற்ற லத்வியப் படம் ‘ஃப்ளோ’ இந்த இலவச மென்பொருளில் உருவானதுதான்.

ஆனாலும் எங்கள் தீவுகளுக்கு வேறு கணக்கு உண்டு. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் நெடுங்காலமாக டீசல் இயந்திர மின்சாரம். சூரிய, காற்று மின்திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கேமிங் மடிக்கணினியோ மின் இணைப்பைக் கழற்றியதும் வேகம் குறையும். கடும் வேலையென்றால் ஓரிரு மணித்தியாலத்தில் பற்றரியும் தீரும். அதன் விசிறி உப்புக்காற்றையும் உள்ளே இழுக்கும். பழுதானால் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ்.

ஆகவே அதியுயர் சில்லு வேண்டாம், நடுத்தரம் போதும். மிச்சக் காசை 16 ஜீபி நினைவகத்துக்கும் நல்ல திரைக்கும் போடுங்கள். திரை 45 வீத என்டிஎஸ்சி என்றிருந்தால் விட்டுவிடுங்கள், நிறம் வெளுத்துத் தெரியும். பின்மூடியைத் திறந்து துப்புரவாக்க முடியுமா, நினைவகத்தைப் பிறகு கூட்டலாமா, யாழ்ப்பாணத்திலேயே திருத்துவார்களா என்று கேளுங்கள். விசைப்பலகையில் மினுங்கும் விளக்குகளுக்கு ஒரு சதமும் வேண்டாம்.

கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.