படி எடுப்பவர்கள்

ஊர்தோறும் இயங்கும் வரலாற்றுக் கழகங்கள் தகவல் சேர்க்கின்றன, சிந்திப்பதில்லை என்று அண்மையில் ஓர் இதழ் எழுதியிருக்கிறது. கோட்பாடற்ற ஊர்ப்பற்று, அங்கிருந்து சாதிப்பெருமைக்கு ஓர் எட்டுதான் என்பது அதன் வாதம். பிந்தியதை நாம் மறுக்கவில்லை. தம் குலத்துக்கு அரச வம்சம் தேடி, கல்வெட்டில் அரசர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியை வளைத்துப் படிக்கும் அமைப்புகள் உண்டு, கண்டிக்கத்தான் வேண்டும். முந்தியதுதான் பொறுக்க முடியாதது.

ஜப்பானிய வரலாற்றாளர் நொபொரு கராஷிமா 1960களில் அல்லூர், ஈசானமங்கலம் ஆகியவற்றின் சோழர்காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டுப் படித்தார். இரண்டும் திருச்சிக்குப் பக்கத்துக் காவிரிக்கரை ஊர்கள். ஒன்று உழுகுடிகளின் வெள்ளான்வகை, மற்றது பிராமணருக்கு அளித்த பிரமதேயம். அல்லூரில் நிலம் விற்றது ‘ஊர்’ என்னும் சபை. ஈசானமங்கலத்தில் விற்றவர்கள் தனித்தனிப் பிராமணர்கள். தனியுடைமை அறியாத, மாறாத கீழைக் கிராமம் என்ற சித்திரம் அதன்பின் பழையபடி நிற்க முடியவில்லை. அந்தச் சித்திரத்தையொட்டிய மார்க்சியக் கருத்தான ஆசிய உற்பத்தி முறை பற்றி நம் தலைமுறை விடிய விடிய வாதிட்டதெல்லாம் சரி. சுவரில் ஈரத்தாள் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எவரோ படி எடுத்திராவிட்டால் கராஷிமா எதைப் படித்திருப்பார்? எந்தக் கல்லைப் படி எடுப்பது, சிதைந்த எழுத்தை எப்படி நிரப்புவது, எங்கே நிரப்பாமல் விடுவது என்று முடிவெடுப்பது சிந்தனையில்லையா?

கல்லைத் தேடிப் போகும் உழைப்பின் பயன் அதோடு முடியவில்லை. 2006இல் வைகைக்கரைப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள நடுகற்களைக் கண்டார்கள். கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்ட தீயன் அந்தவனின் கல் அவற்றில் ஒன்று. புறத்திணையை ஏட்டில் மட்டுமே படித்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் செய்தி தந்த சிலிர்ப்பு இன்னும் அடங்கவில்லை.

இன்று கல்வெட்டுக்கு முதல் எதிரி கோயில் திருப்பணி. மணல்வீச்சில் எழுத்து மழுங்குகிறது. தரையை உயர்த்தியதும் கோயிலின் அடித்தளமான அதிட்டானம் புதைகிறது. பிரித்த கற்களைத் தலைகீழாக அடுக்கிவிடுகிறார்கள். இதை முதலில் அறிந்து ஓடிவருபவர் உள்ளூர்க் கழகத்துப் பள்ளி ஆசிரியரோ ஓய்வுபெற்ற அஞ்சல்காரரோதான். படி எடுத்தும் அச்சேறாத தமிழ்க் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் மத்தியத் தொல்லியல் துறையின் மைசூர் அலுவலகத்தில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்ல, 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு வேண்டியிருந்தது. கோபம் கொள்ள வேண்டிய இடம் அது. அதை விட்டுவிட்டு, சொந்தக் காசில் தாளும் மையும் வாங்குபவரிடம் கோட்பாடு எங்கே என்று கேட்பது அறமில்லாத பேச்சு.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிக்கு முன் நடக்கும் பாலாலயம் என்று கேள்விப்பட்டால், அருகிலுள்ள வரலாற்றுக் கழகத்துக்கு அன்றே சொல்லுங்கள். கழகம் இல்லையென்றால், எழுத்துள்ள கல் ஒவ்வொன்றையும் நீங்களே படமெடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்புங்கள்.