புதிதாக வந்த கெக்கோ சாப்பிடவில்லையா? முதலில் வாலைப் பாருங்கள்!

கடையிலிருந்து ஜோடியாக வாங்கி வந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. ஒன்று கண்ணாடித் தொட்டியின் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். போட்ட பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. "அதுக்கு என்னம்மா ஆச்சு?" என்று பிள்ளைகள் கேட்க, பெரியவர்கள் பதறிப்போய் மொபைலில் தேட ஆரம்பிப்பார்கள். லெப்பர்டு கெக்கோ என்கிற சிறுத்தைப் பல்லி வளர்க்கும் அமெரிக்க, பிரிட்டன் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறைப் பகுதிகள்தான் இதன் பூர்வீகம். நம் வீட்டுப் பல்லி போல சுவரில் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு. சரியாகக் கவனித்தால் 15 முதல் 20 ஆண்டுகள்வரை வாழும். ஆனால், அந்த வாழ்க்கையின் ஆரம்பத்திலேயே சறுக்கல் வருவதற்கு, பதற்றத்தில் நாம் செய்யும் தவறுகளும் ஒரு காரணம்.

முதல் வாரம் தொட வேண்டாம்

புது இடம், புது வாசனை. அந்த ஸ்ட்ரெஸ்ஸில் வளர்ந்த கெக்கோ ஒரு வாரம்வரை சாப்பிடாமல் இருப்பது சகஜம். வாயைத் திறந்து ஊட்டுவது, கையில் எடுத்துக் கொஞ்சுவது இரண்டும் கூடாது. கொழுப்பைச் சேமித்து வைக்கும் இடம் அதன் வால். வால் பருமனாக இருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். வாரம் ஒருமுறை கிச்சன் தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். குட்டி என்றால் அத்தனை நாள் காத்திருக்கக் கூடாது. அதற்குச் சேமிப்பு குறைவு.

சூடு இல்லாமல் செரிக்காது

தொட்டியின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24 முதல் 26 டிகிரி இருக்க வேண்டும். சூடு குறைந்தால் உண்டது செரிக்காது, பசியும் எடுக்காது. தரையில் தெர்மாமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். ஹீட்டருக்கு தெர்மோஸ்டாட் கட்டாயம். சூடாகும் செயற்கைக் கல் வேண்டாம், வயிறு வெந்துவிடும்.

மணலுக்குப் பதில் டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். மணலை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். பேப்பரில் எச்சத்தையும் கவனிக்க முடியும். ஒளிந்துகொள்ள இரு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம், தோலுரிக்க ஈரப்பேப்பர் போட்ட ஒரு சின்ன டப்பா அவசியம். உரிந்த தோல் விரலில் இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். வெதுவெதுப்பான நீரில் பாதம் மட்டும் நனையும்படி சிறிது நேரம் விட்டு, மெதுவாக எடுக்கலாம். பிடித்து இழுக்கக் கூடாது.

இரையாகப் போடும் சுவர்க்கோழிப் பூச்சிகளில் கால்சியம் பொடியைத் தூவுங்கள். சாப்பிடாமல் விட்டதை இரவுக்குள் எடுத்துவிடுங்கள். அவை கெக்கோவையே கடிக்கும்.

ஜோடியைப் பிரியுங்கள்

இரண்டும் ஒட்டிக்கொண்டு படுத்தால் அது பாசம் இல்லை. சூடான இடத்துக்கான போட்டியாக இருக்கலாம். வலியது சாப்பிடும், மற்றது மெலியும். இரண்டும் ஆண் என்றால் சண்டைதான். ஒன்றுக்கு நோய் இருந்தால் மற்றதற்கும் தொற்றும். தனித்தனித் தொட்டிதான் பாதுகாப்பு.

டாக்டரிடம் எப்போது?

வால் மெலிவது, எடை தொடர்ந்து குறைவது, கண் குழிவிழுவது, தண்ணீராகக் கழிவது, வாயைத் திறந்து மூச்சுவிடுவது, கால் நடுங்குவது, தாடை மெத்தென்று ஆவது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல், ஊர்வன சிகிச்சையில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். புதிய எச்சத்தையும் ஒரு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி இருந்தால் வால் குச்சிபோல ஆகிவிடும். அதைக் கண்டறிய எச்சப் பரிசோதனை உதவும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: ஆரோக்கியமாகத் தெரியும் கெக்கோவிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தொட்டிச் சாமான்களைச் சமையலறை சிங்க்கில் கழுவ வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

வாங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரில் இதை வளர்க்க அனுமதியே இல்லை.

"அதுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்கும் பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். எடை, சாப்பிட்ட பூச்சிகள், எச்சம் மூன்றையும் குறிக்கட்டும். டாக்டர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்!