வரப்பில் வழுக்குபவர் எழுதட்டும்

மரக்காணத்தில் ஏறுவதற்கு மலை கிடையாது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், புதுச்சேரியை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் உப்பளங்கள் விரியத் தொடங்கும். அங்கே இருப்பதிலேயே உயர்ந்த சிகரம் ஓலை போர்த்திய உப்புக் குவியல்தான். அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள நினைத்தால் உப்பளத்துக்காரர் விரட்டுவார். விரட்டத்தான் வேண்டும், அது அவருடைய விளைச்சல். அருவி இல்லை, காட்சிமுனை இல்லை, ஒதுங்க ஒரு மரநிழல் தேடினாலும் பனையின் கீற்று நிழல்தான் வாய்க்கும். வென்றேன், தொட்டேன், கொடி நட்டேன் என்று எழுதுகிறவர்களுக்கு இந்த நிலம் எதையும் தராது. ஆனால் வெளிநிலத்தில் நடப்பதைப் பற்றி இன்னொரு வகை எழுத்து உண்டு. நடப்பவர் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் எழுத்து. அதைப் படித்து ரசிப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறோம். ஓர் இடத்தையும் அங்கே வாழும் மக்களையும் சரியாகக் காட்டுவதில் வீரப் பயணக் கதைகளைவிட இந்தச் சிரிப்பு எழுத்துதான் நம்பத்தக்கது என்பது என் வாதம். மரக்காணம் போன்ற கரைகளுக்கு அந்த எழுத்து இன்றைக்குத் தேவையும்கூட.

இந்த வகையின் பெயர்பெற்ற நூல்களை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் தெரியும்: நாயகன் தோற்கிறான். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் பிரான்சின் செவென் மலைப்பகுதியில் ஒரு கழுதையோடு நடந்து 1879-இல் எழுதிய புத்தகத்தில், வேகத்தை முடிவு செய்வது பெரும்பாலும் கழுதைதான். மார்க் ட்வைன் 1880-இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பாவைக் கால்நடையாகச் சுற்றப்போவதாக அறிவித்துவிட்டு, வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் ரயிலிலும் வண்டியிலும் ஏறிக்கொள்கிறார். எரிக் நியூபி 1950-களில் ஆப்கானிஸ்தானின் மீர் சமீர் சிகரத்துக்குப் புறப்பட்டபோது அவருடைய மலையேற்றப் பயிற்சி வேல்ஸில் கழித்த சில நாட்கள் மட்டுமே. உச்சியைத் தொடாமல் திரும்பியதை அவர் மறைக்கவில்லை, அதையே நூலாக்கினார். பில் பிரைசன் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையில் நடந்து 1998-இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் விற்றது. ஆனால் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் அவர் நடந்தது பாதிக்கும் குறைவு. அதையும் அவரே சொல்லிவிடுகிறார். கண்ணுக்கு முன்னால் இருப்பவரை மட்டம் தட்டாமல் சிரிக்க வைப்பதற்கு இவர்கள் கண்ட வழி எளிமையானது: மட்டமாகத் தெரிய வேண்டியவராகத் தங்களையே நிறுத்திக்கொண்டார்கள்.

அதனால் வாசகருக்கு என்ன லாபம்? நடப்பவர் தன்னைச் சிறியவராகக் காட்டும்போது நிலம் தன் உண்மை அளவுக்குத் தெரிகிறது. கொப்புளமும் மழையும் வழி தவறியதும் சோறு கிடைக்காததும் அந்த நிலத்தைப் பற்றிய தகவல்களே. வீரக் கதையில் இவை தாண்டப்படும் தடைகள். நகைச்சுவைக் கதையில் இவைதான் பொருள். ஜெரோம் கே. ஜெரோம் தேம்ஸ் ஆற்றைப் பற்றி வரலாற்றுக் குறிப்புகளோடு ஒரு கையேடு எழுதத்தான் உட்கார்ந்தார் என்பார்கள். படகில் போன மூன்று பேரின் கூத்து கையேட்டை விழுங்கிவிட்டது. 1889-இல் வந்த அந்தப் புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது. அதே ஆற்றைப் பற்றி அதே காலத்தில் முறையாக எழுதப்பட்ட கையேடுகளை யார் தேடிப் படிக்கிறார்கள்?

இதெல்லாம் வெள்ளைக்காரர் சங்கதி, நமக்கு ஒட்டாது என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்குப் பதில் மரக்காணத்திலேயே கிடைக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, நடந்து போகிறவனுக்கு நடந்து வந்தவன் சொல்லும் வழி. 269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டை எழுதிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். இடைக்கழிநாடு இன்றும் மரக்காணத்துக்கு வடக்கே அதே பெயரில் பேரூராட்சியாக இருக்கிறது, ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் நிற்கும் கரை அது. ஓய்மாநாட்டு அரசன் நல்லியக்கோடனிடம் போகச் சொல்லும் பாணன் முதலில் காட்டும் ஊர் கடலோர எயிற்பட்டினம். அதை மரக்காணம் என்றே ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். அடுத்து வேலூர், ஆமூர், கடைசியில் திண்டிவனத்துப் பக்கத்துக் கிடங்கில். அரண்மனையைப் பற்றிய அளவுக்கு வழியில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதிலும் பாணனுக்கு அக்கறை. எயிற்பட்டினத்து மீனவரான நுளையர் வீட்டில் தேறலும் சுட்ட குழல்மீனும், வேட்டுவரிடம் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், உழவரிடம் வெண்சோற்றோடு நண்டும் என்று ஊர் ஊராக அடுக்கிக்கொண்டே போகிறான். கடல் கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண விறகு மணலில் கிடப்பதைப் பார்த்தால், உயரமான ஒட்டகங்கள் தூங்குவதுபோல் இருக்கிறதாம். மரக்காணத்துக் கடற்கரையில் ஒட்டகத்தைப் படுக்கவைத்த அந்தக் கற்பனையில் குறும்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

அதைவிட முக்கியமானது வேறொன்று. வழி சொல்லும் பாணன் தன் வீட்டு அடுப்பங்கரையை ஒளிக்காமல் காட்டுகிறான். கூரை சரிந்த அந்த அடுப்பங்கரையில் குட்டி ஈன்ற நாய் பசியில் கத்துகிறது. மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். சிரிக்கிற காட்சி இல்லைதான். ஆனால் வழியைச் சொல்லத் தொடங்குவதற்கு முன் தன் நிலைமையை அம்பலப்படுத்திக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் பிற்காலப் பயண நகைச்சுவைக்கும் அடிப்படை. நடப்பவன் பெரியவன் இல்லை. சோறு போடுகிறவர்கள்தான் பெரியவர்கள். நுளையரையோ வேட்டுவரையோ உழவரையோ விநோதப் பிறவிகளாக அவன் ஓரிடத்தில்கூடக் காட்டவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் இந்தச் சரடு அறுந்துபோகவில்லை. 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ.கே. செட்டியார் எவ்வளவு தூரம் சுற்றினாலும் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளாதவர். அவருடைய சிரிப்பு உதட்டோரத்தில் நின்றுவிடும் வகை. தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரியைப் பின்தொடர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971-இல் வந்தது. தலைப்பில் நடப்பது காவிரி. ஆசிரியர்கள் பெரும்பாலும் காரில்தான் போனார்கள். அதைச் சொல்லிச் சிரிக்க வாசகருக்கு அவர்களே இடம் கொடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போன பயணத்தைப் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாக்கினார். அந்தக் கால்வாயின் தெற்கு முனை மரக்காணம். ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் போன நீர்வழியின் கடைசிப் பகுதியைப் பற்றி நம்மில் ஒரு ஜெரோம் எழுதியிருக்கலாம். எழுதாமலே கால்வாய் தூர்ந்துவிட்டது. இப்போது பயணம் என்ற பெயரில் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு. ஒன்று, கண்டுகளிக்க வேண்டிய இடங்களின் பட்டியல். மற்றது, கண்ணாடி போட்டுக்கொண்டு பாறை விளிம்பில் கைவிரித்து நிற்கும் படத்துக்கு எழுதப்பட்ட விளக்கவுரை.

வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. மரக்காணம் சிரிக்கிற இடமா? தையிலிருந்து மழைக்காலம் தொடங்கும்வரை, கண் கூசும் வெள்ளையில், உப்புநீரில் கால் ஊறி வெடிக்க, வெயிலில் பாத்தி மிதித்து உப்பு வாருகிறவர்களின் இடம் அது. சுனாமி பார்த்த கரை. 2023-இல் கள்ளச்சாராயம் உயிர்களைக் குடித்த குப்பம் அங்கேதான் இருக்கிறது. 2024-இன் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழை உப்பளங்களை மூழ்கடித்தது. அங்கே தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக உலாவப் போகிறவர் தன் கால் கொப்புளத்தைப் பற்றி வேடிக்கையாக எழுதினால் அது வசதி படைத்தவரின் விளையாட்டு இல்லையா என்று கேட்பார்கள். கேள்வி சரிதான். ஆனால் அதே ஆள் உருக்கமாக எழுதினால் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உழைப்பவர் அவருடைய கண்ணீருக்குக் காரணமாகிறார், படத்துக்குப் பின்னணியாகிறார், உப்பு வாரும் கையின் திறமை எங்கோ காணாமல் போகிறது. கடல்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி எந்தக் கட்டத்தில் உப்பாக உறையும் என்பதும், எப்போது வாரினால் சேறு கலக்காமல் மேலெழும் என்பதும் பல வருடப் பழக்கத்தில் வரும் அறிவு. அந்த அறிவைக் காட்ட நல்ல வழி, அது இல்லாத ஒருவரை அதன் பக்கத்தில் நிறுத்துவது. தலையில் சுமையோடு ஒரு பெண் சீராக நடந்துபோகும் அதே வரப்பில், விலையுயர்ந்த காலணி போட்டவர் ஏன் நாலடிக்கு ஒருமுறை வழுக்குகிறார் என்று எழுதினால் சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பது படிப்பவருக்குத் தெரியும்.

இன்னொரு சங்கதி: மேகம். நடுப்பகலில் உப்பளத்தில் நடப்பவர் ஒரு துண்டு மேகமாவது வராதா என்று வானத்தைப் பார்ப்பார். அதே நேரத்தில் பக்கத்துப் பாத்தியில் நிற்பவர் மேகம் வந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்ப்பார். பருவம் தவறிய ஒரு மழை போதும், உறைந்த உப்பு கரைந்து பல நாள் வேலை வீணாகும். ஒரே வானத்தைப் பார்த்து இரண்டு எதிரெதிர் வேண்டுதல். உருக்கமான எழுத்து இதில் ஒருவரின் வேண்டுதலை மட்டும் கேட்கும். சாகச எழுத்தின் காதில் இரண்டுமே விழாது. தன் வேண்டுதல் பலித்தால் பக்கத்து மனிதரின் பிழைப்பு போகும் என்று உணர்ந்து நெளிகிறவரால்தான் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க முடியும். அந்த நெளிவுதான் நகைச்சுவை. துன்பமுள்ள இடத்தில் சிரிப்பு கூடாது என்பது பெரும்பாலும் வெளியிலிருந்து போகிறவர்களின் சட்டம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் தடை போட்டபோது, ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. அபாயத்துக்கு நடுவில் செய்த அந்த வேலையில் இருந்த குசும்பை எந்த நகைச்சுவை எழுத்தாளரும் பொறாமையோடுதான் பார்ப்பார்.

அபாயத்தை முன்வைக்கும் மறுப்பும் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் அரசே 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. இப்படிப்பட்ட துறையில் விளையாட்டாக எழுதினால் இளைஞர்கள் அலட்சியமாகக் கிளம்பிவிட மாட்டார்களா? என் கணிப்பு நேர்மாறானது. முட்டாள்தனமான துணிச்சலுக்குத் தூபம் போடுவது 'முடியாதது எதுவுமில்லை' என்கிற எழுத்து. பிரைசனைப் படித்தவருக்குக் கரடிமேல் பயம் வரும், குளிர்மேல் பயம் வரும், தன் உடம்பின் எல்லையைப் பற்றிச் சந்தேகம் வரும். பாதியில் திரும்புவது அவமானமில்லை என்பதை அறிவுரையாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. பாதியில் திரும்பியவரின் கதையைச் சிரித்துப் படித்தால் அது தானாக உள்ளே இறங்கும். நகைச்சுவைக்காரர்கள் மிகைப்படுத்துகிறார்களே என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டாம். மிகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும். தன் பயத்தைப் பத்து மடங்காக்குகிறவரால் யாருக்கும் கேடில்லை. தன் வீரத்தைப் பத்து மடங்காக்குகிறவரைப் பின்தொடர்ந்துதான் ஆட்கள் காட்டுக்குள் போகிறார்கள்.

மரக்காணத்துக்கு இனிமேல் ஆட்கள் வருவார்கள். அருகிலுள்ள கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 5,151 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பூநாரை பார்க்கத் தொலைநோக்கியோடு வருகிறவர்கள், தூரத்தில் நிற்கும் பூநாரையைவிடக் காலடியில் ஓடும் உள்ளான்கள்தான் பெரிய சோதனை என்று கண்டுகொள்வார்கள்: எல்லாம் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம், புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் பறந்துவிடும். இவர்களில் சிலர் எழுதவும் செய்வார்கள். அரிய வகைகளின் எண்ணிக்கையை எழுதட்டும். அதோடு, எந்தப் பறவையை எந்தப் பறவை என்று தப்பாகச் சொன்னோம், வரப்பில் நின்ற பையன் எப்படித் திருத்தினான் என்பதையும் எழுதலாம். பத்திரிகைகள் இரண்டாவதற்கும் இடம் ஒதுக்க வேண்டும். இவ்வளவு சொன்ன பிறகும் என் வாதத்தில் ஒரு குறை மிஞ்சுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வழுக்கி விழுந்தவர் தன் கதையைத் தானே சொல்லும்போது, எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்துவிடுகிறார். அவர் விழுந்ததைப் பாத்தியிலிருந்து பார்த்தவர்களிடம் அதே சம்பவத்துக்கு வேறொரு வடிவம் இருக்கும். வேலை முடிந்து திரும்பும்போது அது நன்றாகவே சொல்லப்பட்டிருக்கும். உப்பளத்தில் வளர்ந்து படித்து வரும் தலைமுறையில் யாராவது அந்த வடிவத்தை, தொப்பிக்காரர்களுக்கு எந்தச் சலுகையும் காட்டாமல், எழுதி அனுப்பினால் இந்தக் கட்டுரை கேட்கும் எழுத்தைவிட அது மேலானதாக இருக்கும்.