ஊதுவது கடமை, கேட்பது உரிமை

சம்பள நாள் மாலை. தோட்டத்துத் தோழர் ஒருவர் பட்டணத்தில் சாமான் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறார். சாலை வளைவில் விளக்கு மின்னுகிறது. போலீஸ் தடுப்பு! அவர் ஒரு சொட்டும் குடித்தவரல்லர். இருந்தும் நெஞ்சு படபடக்கிறது. அடையாளக் கார்டைத் தேட வேண்டிய கை, சட்டைப் பையிலுள்ள நோட்டைத் தேடுகிறது. குற்றம் செய்யாதவனுக்கு ஏன் இந்த நடுக்கம்?

இது நேற்று முளைத்த நடுக்கமன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டத்து வாசல்களில் முள்வேலி போட்டார்கள். பால் வெட்டப் போன ஆணும் பெண்ணும் வரிசையில் நின்று சோதனை கொடுத்தார்கள். காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போய்விடக்கூடாதென்று சோற்றுப் பொட்டலத்தையும் தடுத்த காலம் அது. சீருடையைக் கண்டதும் தலை குனியும் பழக்கம் நம் பாட்டன் காலத்திலிருந்து வந்த சொத்து. அதைப் பேரப்பிள்ளைகளுக்கும் நாம் எழுதி வைக்க வேண்டாம்.

அச்சத்துக்கு மருந்து வீறாப்பு அன்று, அறிவுதான். முதலில் நம் கடமையைப் பார்ப்போம்.

சாலையில் தடுப்புப் போட 1967ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் அதிகாரம் தருகிறது. நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். அடையாளக் கார்டையும் லைசென்சையும் கேட்டால் காட்ட வேண்டும். வண்டியோட்டி மது அருந்தியிருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அவரைக் கருவியில் ஊதச் சொல்லலாம். தக்க காரணமின்றி ஊத மறுத்தால் அதுவே தனிக் குற்றம். அதற்காகவே பிடித்துக்கொண்டும் போகலாம். "ஊதாதே, ஒன்றும் செய்ய முடியாது" என்று கோப்பிக்கடையில் சட்டம் பேசுகிறவர் நீதிமன்றத்தில் உம்மோடு வந்து நிற்கப் போவதில்லை.

2020ஆம் ஆண்டில் குடிபோதை ஓட்டத்தால் அடுத்தடுத்து உயிர்கள் போன பிறகு சட்டம் கடுமையாகியது. அவ்வாண்டு அக்டோபர் 23 முதல், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த மதுவின் அளவு 50 ஆகக் குறைந்தது. மூச்சில் 35 மைக்ரோகிராம் என்றிருந்தது 22 ஆயிற்று. இந்த அளவைத் தாண்டினால், முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை. குறைந்தது ஈராண்டுக்கு லைசென்சும் போகும். போதையில் ஓட்டி ஓர் உயிரைப் பறித்தால் 10 முதல் 15 ஆண்டுச் சிறை. காருக்கு மட்டுமன்று, மோட்டார் சைக்கிளுக்கும் இதுதான் சட்டம். பால் வெட்டியோ பேரேடு எழுதியோ வாழும் குடும்பம் 10,000 வெள்ளியை எங்கே போய்ப் புரட்டும்?

இனி உரிமையைக் கேளுங்கள். நம்மைக் கட்டும் சட்டம் போலீசையும் கட்டுகிறது.

தடுப்பவர் சீருடையில் இல்லையென்றால் அவருடைய அதிகாரக் கார்டைக் காட்டும்படி பணிவாகக் கேட்கலாம். இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேற்பட்டவரும் நீலக் கார்டு வைத்திருப்பர். அதற்குக் கீழ்ப்பட்டவர் மஞ்சள் கார்டு. சிவப்புக் கார்டு வைத்திருப்பவர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டவர். அவருக்கு அதிகாரமே கிடையாது.

பெயரையும் கார்டையும் மறைக்கக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. ஆனால் நம்மையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவு சொல்கிறது. ஊத வேண்டிய வாய், உளற வேண்டியதில்லை!

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். இவ்விரண்டையும் கூட்டரசு அரசியல் சட்டத்தின் 5ஆவது விதியே உறுதி செய்கிறது. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லவும் உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவருடைய உத்தரவின்றி அதற்கு மேல் அடைத்து வைக்க முடியாது. பெண்ணைச் சோதனையிட வேண்டுமானால் பெண்தான் சோதனையிட வேண்டும்.

வாக்குமூலம் எழுதினால், சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே அதைப் படித்துக் காட்ட வேண்டும். திருத்தவும் வாய்ப்புத் தர வேண்டும். அதற்குப் பிறகே கையெழுத்து. தமிழில் சொன்னவர் தமிழில் கேட்கலாம். புரியாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அழுது பயனில்லை. வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று கலங்கவும் வேண்டாம். கைதாகும் குடிமக்களுக்கு இலவசமாக உதவத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. "கோப்பிக் காசு" கொடுத்து நழுவும் பழக்கம் ஒழிய வேண்டும். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்குபவர் மட்டுமல்லர், கொடுப்பவரும் குற்றவாளியே. 20 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. குடிக்காதவர் கொடுக்கும் காசு, அறியாமைக்குக் கட்டும் வரி. குடித்தவர் கொடுக்கும் காசோ அடுத்த வளைவில் வரப்போகும் பிள்ளையின் உயிருக்குப் பேசிய விலை. இரண்டையும் நாம் வெறுக்கிறோம்.

தோழர்களே! 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்துக் கிளம்பியது. குடி நம்மைத் தலை நிமிரவிடாது என்று அன்றே கண்டார்கள். அது இன்றைய சாலைத் தடுப்பிலும் உண்மை. வாயில் மது நாற்றமில்லாதவரால்தான் "என்ன காரணத்துக்காகப் பிடிக்கிறீர்கள், ஐயா?" என்று நிமிர்ந்து கேட்க முடியும்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த நீங்கள், அடுத்த கிளைக் கூட்டத்தில் இவற்றை எல்லாருக்கும் வாசித்துச் சொல்லுங்கள். குடித்தால் வண்டியைத் தொடாதீர். நிறுத்தினால் ஓடாதீர். ஊதச் சொன்னால் ஊதுங்கள். பிடித்தால் காரணம் கேளுங்கள். காசை மட்டும் நீட்டாதீர்கள்!