யார் என்று கேளாத வலை

காலி வீதியில் நெரிசல் உண்டா என்று வெள்ளவத்தைக்கு வரும் ஒரு வாகனம் இன்று அறிய விரும்பினால், கேள்வி தொலைவிலுள்ள கணினிவரை சென்று திரும்புகிறது. கேட்டவர் யார், எங்கே நிற்கிறார் என்பதும் அங்கே பதிவாகலாம்.

2009இல் வான் ஜேக்கப்சனும் அவருடைய தோழர்களும் வகுத்த முறையோ வேறு. இதிலே கேட்பவரின் முகவரி இல்லை. வேண்டிய செய்தியின் பெயரே கேள்வி. "காலி வீதி, வெள்ளவத்தை, காலை 8 மணி, நெரிசல்" என்று வாகனம் கேட்கும். விடையை வைத்திருக்கும் எந்த வாகனமும் தரலாம். பெற்ற வாகனம் பிரதியை வைத்திருந்து பின்வருவோர்க்கு வழங்கும். யாழ்ப்பாணத்து வெங்காயத்தோடு விடியுமுன் பேலியகொடைச் சந்தையை அடையவேண்டிய விவசாயிக்கு இதன் அருமையை நாம் விளக்கவும் வேண்டுமா?

எனினும் நமது அக்கறை அதனினும் பெரிது. 2007 ஜூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கு மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினர்; மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் "நீ யார், எங்கிருந்து வருகிறாய்?" என்ற கேள்வியைப் போதுமட்டும் கேட்டுவிட்டன.

பொய்ச் செய்தியைத் தடுக்க ஒவ்வொரு விடைக்கும் கையொப்பம் வேண்டும் என்பது மெய்யே. அதனை வாகன இலக்கத்தோடு பிணைத்தால், வாசலில் துரத்திய கேள்வி கொல்லைப்புறமாக நுழையும். அடிக்கடி மாறும் புனைபெயரால் ஒப்பமிடும் வழியை ஐரோப்பாவும் அமெரிக்காவும் வகுத்துள்ளன. இலங்கையில் இத்தகைய வலை அமைவதாயின், அவ்வழியைச் சட்டத்திலேயே எழுதவேண்டும். செய்தியின் பெயர்கள் தமிழிலும் அமையவேண்டும். தமிழ்ப் பிரதிநிதிகள் இதனை இப்பொழுதே கேட்கட்டும்.